படையலுக்கு உப்பு

அக்கா,

கத்தரிக்காய்க் கறி கொதிக்கிறது. உள்ளங்கையில் உப்போடு அடுப்படியில் நிற்கிறேன். இன்று உங்கள் திவசம். படைக்கிற சாப்பாட்டைச் சமைக்கிறவள் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்று நீங்கள்தானே ஆயிரம் தரம் சொன்னீர்கள். இப்போது அளவை நான் யாரிடம் கேட்பது?

பிரஷர் என்று தெரிந்த அன்றே உப்பை அடியோடு விட்டீர்கள். குறைக்கச் சொன்னால் குறைக்கிற ஆளா நீங்கள்? "நாக்குக்கு நான் அடிமையில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. வெயிலுக்கு நல்லதென்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தீர்கள்.

பிறகு ஒரு காலை, தேநீர் கொண்டுவந்த என்னைப் பார்த்து, "பிள்ளை, நீர் ஆர்?" என்றீர்கள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

தலைச்சூடு என்று அயலவர்கள் இளநீர் வெட்டித் தந்தார்கள். அதையும் பருக்கினேன். பின்னேரம் உங்கள் பெயரே உங்களுக்குத் தெரியவில்லை. ஓட்டோவில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவும் போனபிறகு எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்ப் பெண் நிதானமாகச் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ, இது மனநோய் இல்லை. இரத்தத்திலை உப்புக் குறைஞ்சு போச்சு. தண்ணியும் கூடினதாலை இன்னும் ஐதாய், நீர்த்துப் போச்சு."

"உப்புத்தானே, அள்ளிப் போடுங்கோவன்" என்றேன்.

"மெல்ல மெல்லத்தான் ஏத்த வேணும். அவசரப்பட்டால் மூளைக்குக் கூடாது."

சேலைன் துளி துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உப்புக் கூடாமலும் குறையாமலும் உங்கள் உடம்பு இத்தனை காலம் சத்தமில்லாமல் பார்த்துவந்த கணக்கு அது. நான் யார் என்ற உங்கள் நினைவு ஒரு சிட்டிகை உப்பிலா தங்கியிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

மறுநாள் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "எடியே, இதுக்கு உப்புப் போட்டனியோ இல்லையோ?" அந்த 'எடியே'யைக் கேட்டதும் வார்டில் எல்லோரும் பார்க்க, விம்மி விம்மி அழுதேன்.

அதற்குப் பிறகு அளவோடு உப்புச் சேர்த்தீர்கள். கண்ணை மூடும்வரை என்னை நீங்கள் மறக்கவே இல்லை.

கையிலிருந்த உப்பைக் கறியில் போட்டுவிட்டேன். இந்த அளவு காணுமோ காணாதோ தெரியவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுகிறேன். கூடிப்போனால் ஏசுங்கள், அக்கா. குறைந்துபோய், இலைக்கு முன்னால் வந்திருந்து, "பிள்ளை, நீர் ஆர்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.