நன்றி சொன்னதால் வந்த கூட்டம்

டிசம்பர் 22
அரைப் பரீட்சை லீவு. ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, வருஷாவருஷம் போல, வண்டி ஓட்டத் தகுதி என்று டாக்டர் போடும் கையெழுத்துக்குப் போனேன். போடவில்லை. பிரஷர் ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கிறதாம். பள்ளி திறப்பதற்குள் இறங்கினால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம். மாத்திரை தந்துவிட்டு, “தினமும் எதுக்காவது நன்றியோட இருங்க, எழுதி வைங்க” என்றார்.

இது பஸ்ஸில் எவனோ விட்டுப்போன நோட்டு. முன்பக்கம் பூரா சிவப்பு மை. பாவம், கழித்தல் வரவில்லை. எனக்கும் அந்த வயசில் வரவில்லை. அது கிடக்கட்டும்.

டிசம்பர் 23
முதலில் செருப்புக்கு நன்றி. அப்புறம் குழாய்க்கு. துணிச்சல் வந்து, டீ கொண்டுவந்த வீட்டுக்காரியிடமும் சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காதீங்க.”

“பிரஷர்தான்டி.”

“பிரஷருக்கா நன்றி சொல்லுவாங்க?” அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

டிசம்பர் 26
மகள் குடும்பம் வந்தாச்சு. மச்சான் ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிவந்தார். வந்தவர்கள் எல்லார் கையிலும் ஆப்பிள். வாசலில் மச்சான் குசுகுசுவென்று, “தங்கமான மனுஷன்” என்கிறார். என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவர். வந்ததற்கு நன்றி என்றேன். மொத்தக் கூட்டமும் அழுதது.

டிசம்பர் 27
டாக்டருக்குப் போன் போட்டேன். “வாயால சொல்லாதீங்க. மனசுக்குள்ள நினைங்க, போதும்.”

வீட்டுக்காரி துணி காயப்போடுவதை நன்றியோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இப்ப எதுக்கு முறைக்கிறீங்க?”

டிசம்பர் 29
தம்பி வந்தான். பூர்வீக வீட்டுப் பொதுச்சுவர் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்தான். “அண்ணே, தப்பு என் மேலதான்.”

ஒண்ணுமில்லடான்னு சொல்லிடலாம். சொன்னா எந்திரிச்சுப் போயிடுவானோ? இருமினேன். ரெண்டு தடவை. என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 31
முடியல. எல்லாரையும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அப்ப ஆப்பிளையெல்லாம் என்ன பண்றது?” என்றாள் வீட்டுக்காரி.

தம்பி என்னையே பார்த்தான். “அந்த இருமல்?”

“சும்மா.”

போய்விட்டான்.

ஜனவரி 2
டாக்டர் வீட்டு வாசலில் தம்பி நின்றான். “பொய் சொல்ற ஆளைத் தனியா அனுப்ப முடியாதுல்ல.”

எனக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. கையெழுத்து ஆச்சு. டாக்டர் சும்மா அவன் கையிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். என் பழைய அளவைவிட மேலே.

“நீ போயிருவேன்னு அந்த ரெண்டு நாளும் ஒரு வாய் சோறு இறங்கல. ஏறாம என்ன பண்ணும்?” என்றான்.

இரண்டு பேரும் நடந்தோம். அவன் தெரு வந்தது. அவன் திரும்பாமல் என்னோடு என் வீட்டுக்கு நடந்தான்.