கார்கள் கட்டிய நகரமும் பஞ்சிகாவத்தையும்

10 பெப்ரவரி 2025, வெள்ளவத்தை, கொழும்பு

அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரம் எழுந்த கதையை மொழிபெயர்க்கிறேன். முதல் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. பதிப்பகத்து றஷ்மி போனில், "கௌரியக்கா, தமிழ் வடிவாய்த்தான் இருக்கு. ஆனா கார் எப்பிடிச் செய்தவங்கள் எண்டு விளங்கேல்லை" என்றாள். இரண்டு கிழமைத் தவணை. சரிவராவிட்டால் வேறு ஆளாம்.

எனக்கு மட்டும் விளங்கினதா? காரில ஏறி இறங்கினதை விட எனக்கென்ன தெரியும்?

13 பெப்ரவரி

பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குள் துணிந்து நுழைந்தேன். முதலாளி நவரத்தினம், ஐம்பது வயதிருக்கும். அசெம்ப்ளி லைனுக்கு 'நகரும் பொருத்து நிரல்' என்று நான் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கவில்லை.

"முந்தி ஆக்கள் காரைச் சுத்தி ஓடியோடிப் பூட்டினவை. பிறகு ஆள் நிண்ட இடத்திலை நிக்க, கார் ஆளிட்டை வந்தது. அவ்வளவுதானே, மிஸ்?"

அவ்வளவுதான். பன்னிரண்டு மணித்தியால வேலை ஒன்றரை மணித்தியாலமான அதிசயம் இன்றுதான் எனக்கே விளங்கியது. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

20 பெப்ரவரி

மூன்றாம் தரம் போனேன். கேட்க இருந்தது ஒரு சொல். இருந்தது இரண்டு மணித்தியாலம்.

22 பெப்ரவரி

திருத்திய அத்தியாயத்தைக் கடையிலேயே உரக்க வாசித்தேன். அடுப்பும் குதிரை வண்டியும் செய்த ஊர். இருபதே வருடத்தில் மூன்று லட்சம் சனம் பத்து லட்சமானது – போலந்திலிருந்தும் தென் மாநிலங்களிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய சனம். பக்கத்துக் கடை ஹுசைன் நானா கையில் ரேடியேற்றரோடு நின்று கேட்டார். "நம்மட கொட்டாஞ்சேன மாதிரித்தான் போல, எல்லா ஊர்ச் சனமும் வந்து குடியேறின எடம். மிச்சத்த எப்ப வாசிக்கப் போறீங்க?"

25 பெப்ரவரி

முழுப் புத்தகமும் எனக்குத்தான். நவரத்தினத்தாருக்கு முதலில் சொன்னேன். சொந்த அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஏன்?

14 யூன்

வேலை முடிந்தது. இனிப் பஞ்சிகாவத்தைக்குப் போகக் காரணமில்லை. போனேன்.

"இண்டைக்குக் கேக்க ஒண்டும் இல்லை," என்றேன்.

அவர் கல்குலேற்றரைத் தள்ளி வைத்தார். "எனக்குத்தான் ஒண்டு கேக்கோணும்."

12 நவம்பர், கொட்டாஞ்சேனை

புத்தகம் தபாலில் வந்தது. வெள்ளவத்தை முகவரியை வெட்டி, எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதியிருந்தார்கள். நவம் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே விரித்து வைத்துக்கொண்டார்.

"சோறு ஆறுது," என்றேன்.

"பொறும் கௌரி. இப்பதான் சனம் வந்து இறங்குது."