மாலை நேரக் கட்டங்கள்

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

அனைவரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. அப்பாவைத் தவிர மற்றவர்கள் நலம்.

நீங்கள் சொன்னபடி கடிதமாகவே எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுவீர்கள், நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவேன், எழுதினால் திரும்பப் படித்து அடித்துவிடலாம் என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கூடப் பொறந்த தம்பி மூச்சு விட முடியாம கெடக்கான், இவங்களுக்கு லெட்டர் கேக்குதா" என்கிறாள்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. மூக்கில் தடித்த குழாய் வழியாக ஆக்சிஜன் சீறிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நின்றால் குக்கர் மாதிரி சத்தம். உங்கள் ஆய்வைப் பற்றி இளம் டாக்டர் நிதானமாக விளக்கினார். ஒரு பிரிவினர் தினமும் எட்டு மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும், இன்னொரு பிரிவினர் விருப்பம்போல் படுக்கலாம், மற்ற வைத்தியமெல்லாம் இருவருக்கும் ஒன்றே. யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். சேராவிட்டாலும் வைத்தியம் குறையாது என்று இரண்டு முறை சொன்னார். அப்பா அதற்குள் பேனாவைக் கேட்டுவிட்டார். "எங்க அக்கா பண்ற ஆராய்ச்சி. நான் சேராம வேற யாரு சேருவா?"

கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று எழுத மாட்டேன். பயப்படாதீர்கள்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பத்துக் கட்டிலுக்கு இரண்டே சிஸ்டர்கள் என்பதால், இரண்டு பிரிவிலுமே நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்று கூட இருப்பவர் ஒரு அட்டையில் அரை மணிக்கு ஒரு கட்டமாகக் குறிக்க வேண்டும், குப்புறப் படுத்திருந்தால் கோடு, இல்லாவிட்டால் சுழி. காலையிலிருந்து நாலு மணி வரை அம்மா. பள்ளி விட்டு வந்ததும் நாலிலிருந்து எட்டு வரை நான். அதன் பிறகு சிஸ்டரே குறித்துக்கொள்வார். பென்சில் கூடாது, பேனாதான். அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்படி நினைத்தது தப்பா?

உங்கள்
மைக்கூடு


ஜூன் 7

என் மைக்கூடே,

தப்பில்லை. நானும் முதல் முறை அப்படித்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உன்னைவிட எட்டு வயது கூடுதலாக.

நீ போடும் ஒவ்வொரு கோடும் கடைசியில் என் மேசைக்கு வரும். யாருடையது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஆய்வை நடத்துகிறவளுக்குத் தன் தம்பி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படும். பதினோரு ஆஸ்பத்திரி, அறுநூறு பேர், நாலு வருட உழைப்பு. அதனால்தான் நான் அங்கே வரவும் இல்லை. வந்தால் கட்டிலைப் பார்த்துவிடுவேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொன்னாலும் திமிராகத்தான் படும், விட்டுவிடு.

ஆக்சிஜன் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எதையும் எழுதாதே. ஆனால் அவன் என்ன பேசுகிறான், யாரைக் கிண்டல் செய்கிறான், அதையெல்லாம் எழுது. அதற்கு ஆய்வில் கட்டம் இல்லை.

அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா எல்லாரையும் கிண்டல் செய்கிறார், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. நேற்று சிஸ்டரிடம், "இருபது வருஷமா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்தேன். இப்ப நானே ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டேன். கம்ப்ளெய்ன்ட் குடுத்தீங்களா இல்லையா?" என்றார். சிஸ்டர், "மெக்கானிக் வந்துட்டாரு, பேசாம படுங்க" என்றார்.

பள்ளி நூலகத்தில் உடலியல் புத்தகம் எடுத்தேன். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். மல்லாந்து படுத்தால் அதன்மேல் பாரம் ஏறுமாம். குப்புறப் படுப்பதற்குக் காரணம் இதுதானே? அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். "பெரிய மனுஷி, புத்தகம் எழுதினவன படுத்துப் பாக்கச் சொல்லு" என்றார். இதிலிருந்து எந்தப் பிரிவு என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அவருக்கு வென்டிலேட்டர் என்றால்தான் பயம். மூன்றாம் கட்டில்காரருக்கு வாய்வழியே குழாய் போட்டு உள் அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் அட்டை சுத்தமாக இருக்கிறது என்று சிஸ்டர் எல்லாருக்கும் காட்டினார்.

பொதுவாக ஒரு கேள்வி. யாராவது ஒருவருடைய அட்டையில் சில கட்டங்கள் சரியாக இல்லை என்றால் என்ன ஆகும்?

மைக்கூடு


ஜூன் 12

என் மைக்கூடே,

ஒன்றும் ஆகாது. அறுநூறு பேரில் சிலர் மறப்பார்கள், சிலர் கூட்டிப் போடுவார்கள், சிலர் குறைத்துப் போடுவார்கள். அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறோம். நாலு கட்டம் தவறினால் ஆய்வு கவிழ்ந்துவிடாது. நிம்மதியாகத் தூங்கு, பரீட்சைக்குப் படி.

லிஃப்ட் கதையை மூன்று முறை படித்தேன்.

அத்தை


ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவின் காரியத்தை மூன்றாம் நாளே முடித்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. இங்கே இருந்தபோது என் பக்கத்திலேயே படுத்திருந்தீர்கள். நாலைந்து முறை வாயைத் திறந்தேன், முடியவில்லை. இனி எண்களையும் பிரிவையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா குப்புறப் படுக்க வேண்டிய பிரிவு. காலையில் அம்மா பிடிவாதமாக நாலு மணி நேரம் படுக்க வைத்துவிடுவாள். அந்தக் கோடுகள் உண்மை. மாலையில் நான் போட்ட கோடுகள் பொய்.

முதல் இரண்டு நாள் முயன்றார். கழுத்து வலித்தது, மூக்குக் குழாய் மடங்கியது. "தண்ணிக்குள்ள தலைய அமுக்கிப் புடிச்ச மாதிரி இருக்குடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. "நீ கோடு மட்டும் போட்டுடு. கோடு கம்மியானா கொழா போட்டுருவாங்க." அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டார், நானும் நம்பினேன். சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் புரண்டுகொள்வார், போனதும் மல்லாந்துவிடுவார். ஏழு மாலைகள், மாலைக்கு எட்டுக் கட்டங்கள். நல்ல கையெழுத்தில் போட்டேன்.

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு, காலையிலேயே அம்மாவோடு போயிருந்தேன். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப் எண்பத்தைந்துக்கு மேல் காட்டவில்லை. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. இளம் டாக்டர் என் அட்டையை எடுத்து விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு வாரமா தினமும் எட்டு மணி நேரம் குப்புறப் படுத்திருக்காரு சார். அப்படியும் ஏறல. இதுக்கு மேல காத்திருக்க ஒண்ணுமில்ல." பெரிய டாக்டர் குழாய் போட்டுவிடலாம் என்றார்.

அத்தை, எந்தக் குழாய்க்குப் பயந்து கோடு போட்டோமோ, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் குழாய் போட்டார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். பிறகு அம்மாவிடம், "பரவால்ல, போட்டுக்கலாம்" என்றார். உள் அறையில் பதினோரு நாள் இருந்தார். அதில் ஒரு நாள்கூடப் பேசவில்லை.

நான் உண்மையாகக் குறித்திருந்தால் இன்னும் நாலு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்திருப்பார்களா? தலையணையை மாற்றி வைத்தோ, வலிக்கு மருந்து கொடுத்தோ? என்னால்தானா? நீங்கள் டாக்டர், உங்களுக்குத் தெரியும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மைக்கூடு


ஜூலை 8

என் கண்ணே,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் முதல் வரி "உன்னால் இல்லை" என்று இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டு எழுதவில்லை, அதனால் கிழித்தேன்.

எனக்குத் தெரியாது. அன்று குழாய் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். இன்னும் தாமதமாகப் போட்டு அன்றைக்கே போயிருக்கலாம். அப்படிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரே மனிதனை இரண்டு விதமாக வைத்தியம் செய்து பார்க்க வழியில்லை. அதனால்தான் அறுநூறு பேரைக் கேட்கிறோம். அறுநூறு பேரும் சேர்ந்து சொல்லும் பதிலில் உன் அப்பாவுக்கான பதில் இருக்காது.

உன் மாலைக் கட்டங்களைப் பற்றி ஆய்வின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிவிட்டேன். எழுதாமல் இருக்க முடியாது. உன்னைக் குறிப்பிடவில்லை, கூட இருந்த உறவினர் என்று மட்டும். கோடுகளை அடித்துவிடுவார்கள். ஆனால் அவன் அந்தப் பிரிவில்தான் எண்ணப்படுவான். படுத்தவர்கள், படுக்க முடியாதவர்கள் எல்லாரும் படுக்கச் சொல்லப்பட்டவர்கள்தான். எத்தனை பேருக்கு அது தாங்க முடியாமல் இருக்கிறது என்று நாங்கள் எங்கள் தாளில் ஒரு கேள்விகூட வைக்கவில்லை. இனி வைப்போம்.

இன்னொன்று. நீ பொதுவாக என்று கேட்டாயே, அது பொதுவான கேள்வி இல்லை என்று எனக்கு அப்போதே உறுத்தியது. யாருடைய அட்டை என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஆய்வுக்கு ஆபத்தில்லை என்று பதில் எழுதினேன். அந்த அட்டையை எனக்கு முன்னால் கட்டிலருகே ஒரு டாக்டர் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாததா? ஒரு டாக்டராக நான் செய்த தவறு அது. உன் பதினைந்து வயதோடு அதைச் சேர்த்து எண்ணாதே.

அம்மாவிடம் சொல். நீயே சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தையும் காட்டு.

அத்தை


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணி வரை மடித்துவிட்டு உங்கள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "நீ கொழந்த. அவங்க டாக்டரு. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். எனக்குச் சேர வேண்டிய கோபமும் உங்களுக்கே வந்துவிட்டது. அது நியாயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா காதில் வாங்கவில்லை.

நீங்கள் இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம், எழுதவும் வேண்டாம் என்று உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள். தபால்தலையும் அவள் கொடுத்ததுதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். சில நேரம் இருக்கிறது. தெரியாது என்று எழுதினீர்களே, அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இருப்பதில்லை.

பதில் எழுதாதீர்கள், அத்தை. வந்தால் நான் பிரித்துப் படித்துவிடுவேன். படித்தாயா என்று அம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

உங்கள்
மைக்கூடு