கையுறை இல்லாத இடது கை

எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டவன் மேல் தப்பில்லை. "பக்க எண்?" இரண்டு சொல், ஒரு கேள்விக்குறி. நேற்றுக் காலை டோம்பிவிலியிலிருந்து கிளம்பிய லோக்கல் ரயிலில், முன்னால் நின்றவளின் ஈரக் கூந்தல் கன்னத்தில் உரச, போனில் அதைப் படித்தேன்.  

நம் படக்கதை ஹீரோ, சாம்பல்சட்டைக்காரன், சினிமாவாகிவிட்டான். நாளை, வெள்ளிக்கிழமை, ரிலீஸ். போன மாதம் டிரெய்லர் வந்தபோது முகமூடியின் குறுக்கே ஓடும் அந்த ஒற்றை வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் அவன் என்று தெரிந்துகொண்டேன். சட்டை நீலமாம். நமக்கு எப்படித் தெரியும். நம்மிடம் இருந்த பதினோரு புத்தகங்களுக்கும் அட்டை கிடையாது. உள்ளே சட்டை சாம்பல், வானம் சாம்பல், ரத்தமும் சாம்பல். அந்தப் பெயரும் நீ வைத்ததுதான். உள்ளே அச்சிட்டிருக்கும் அவன் பெயரை வாசித்துச் சொல்லாமல் நீயாக ஏன் ஒரு பெயர் வைத்தாய் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போனில் ஒரு ரசிகர் குழுவில் இருக்கிறேன். நான் பெண் என்று தெரியாதவரை "ப்ரோ" என்றார்கள். தெரிந்ததிலிருந்து ஆதாரம் கேட்கிறார்கள். அவன் முகம் போட்ட பனியன், அவன் பொம்மை, அவன் கோடு போட்ட காபிக் கோப்பை, எல்லாம் வாங்கி அடுக்கிப் படம் போடுகிறார்கள். அந்தப் பனியன்கள் தாராவியில், உங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி மூட்டை மூட்டையாகத் தைக்கப்படுவது அவர்களுக்குத் தெரியாது. சட்டை சரியான நீலம்தானா என்று மூன்று நாள் சண்டை.  கடைசியில் நான் ஒன்றே ஒன்று எழுதினேன். டிரெய்லரில் அவன் இரண்டு கையிலும் உறை போட்டிருக்கிறான், நம் புத்தகத்தில் இடது கை எப்போதும் வெறுங்கை. அங்கே ஒவ்வொரு முறையும் குதிப்பதற்கு முன்னால் "பயமா இருக்கு" என்று சொல்லுவான். படத்தில் அந்தப் பயத்தை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு அவன் அவன் இல்லை.

அதற்குத்தான் பக்க எண் கேட்டார்கள்.

டிரெய்லரை நான் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்த்தேன். யாரோ ஒரு நடிகர், கனத்த குரல், தமிழிலும் ஹிந்தியிலும் வருகிறதாம். அந்தக் குரல் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அவன் எனக்குள் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவான். உன் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. நீ எனக்கு வாசித்துக் காட்டிய அந்தப் பதினோரு புத்தகங்களில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை அவை இருக்கும் பெட்டியைத் திறந்தேன். வாசனை அப்படியே இருக்கிறது. மட்கின தாள், எலிப் புழுக்கை, கொஞ்சம் பிளாஸ்டிக் உருகின வாடை. உங்கள் அப்பாவின் பழைய பேப்பர் குடோன் மொத்தமும் எங்கள் டோம்பிவிலி ஹாலுக்குள் வந்து நின்றது.

மாட்டுங்கா வீடுகளிலிருந்து வரும் கட்டுகளில் தமிழ் வாரப் பத்திரிகைகள் இருக்கும். ஒரு நாள் ஒரே கட்டில் இந்தப் பதினொன்றும் வந்தன. வழவழப்பான தாளுக்கு விலை வேறு என்பதால் அட்டைகளைக் கிழித்துத் தனியே போட்டிருந்தார் உங்கள் அப்பா. மிச்சத்தை நீ பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாய். நான் இங்கிலீஷ் மீடியம், தமிழில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. நீ ஹிந்தி ஸ்கூல். ஆனால் "ஊர்ல ரெண்டாப்பு வர தமிழ்லதான் படிச்சேன்லா" என்றாய். பேப்பர் கட்டுகளின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வோம். உன் விரல் எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஓடும். ஒரு எழுத்தைக்கூட அது தாண்டாது.

"'அய்யோ, எவ்ளோ ஒசரம். பயமா இருக்கு'ன்னு போட்டிருக்கு."

"ஹீரோவா அப்படிச் சொல்லுதான்?"

"எழுதியிருக்குட்டி. அதுக்கு நான் என்ன பண்ண?"

"சரியான பயந்தாங்கொள்ளி."

"பயப்படாதவன் குதிச்சா அதுல பாக்கதுக்கு என்னட்டி இருக்கு?"

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி அதற்கப்புறம் எவ்வளவோ வாசித்துவிட்டேன். காலேஜில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினேன். உன் அளவுக்கு யாரும் என்னை மடக்கியதில்லை. உங்கள் வீட்டு டிவியில் ஏதோ ஒரு படம், ஹிந்தியில் பேசிக்கொண்டே இரண்டு பேர் பறந்து பறந்து அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டடம் சரிகிறது.

"ஏட்டி, இது இடிஞ்சு விழுதே, கீழ யாருமே குடியிருக்கலையா?"

"காலி பண்ணியிருப்பாங்க."

"எங்கிட்டுப் போவாங்க? இவன் நோட்டீசு குடுத்தானா?"

அடுப்படியிலிருந்து உன் அம்மா: "வாய மூடிட்டுப் பாருங்கட்டி, இல்லன்னா சீரியலப் போட்டுருவேன்."

இன்றுவரை ஒவ்வொரு படத்திலும் கடைசி அரை மணி நேரம் நான் கீழ்த் தளத்து ஜன்னல்களைத்தான் பார்க்கிறேன். துணி காய்கிறதா என்று.

நீ போன பிறகு தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். கடைப் பலகைகள், கல்யாணப் பத்திரிகைகள், அப்புறம் மாட்டுங்காவில் ஒரு நூலகம், அப்புறம் கையில் கிடைத்ததெல்லாம். பத்து வருடத்தில் இந்தப் பதினொன்றை மட்டும் திறக்கவில்லை. என் கண்ணால் வாசித்தால் உன் குரல் நகர்ந்துவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நேற்றுத் திறந்தேன், ஒரு பக்க எண்ணுக்காக.

முதல் புத்தகம். கூரை விளிம்பில் நிற்கிறான். வாய்க்கு மேலே வட்டத்துக்குள் எழுதியிருப்பது: "அச்சமா? அந்தச் சொல்லையே நான் அறியேன், அற்பப் பதரே!" இரண்டாவது புத்தகத்தில்: "மரணம் என்னைக் கண்டால் வழிவிட்டு நிற்கும்." மூன்று, நான்கு, ஐந்து. குழாயில் தொங்கும்போதும் ரயிலின் மேல் ஓடும்போதும் சிரிக்கிறான், சவால் விடுகிறான். பத்தாவதுவரை தேடினேன். பயம் என்ற சொல்லே இல்லை. உன் வாயில் வந்த ஒரு வரியும் இல்லை. டிரெய்லர் எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். மூலத்துக்குத் துரோகம் என்று கத்திக்கொண்டிருந்தவள் நான்.

பதினொன்றாவதைத் திறக்கவில்லை. வேறு புத்தகங்கள் இருந்திருக்கும், அவற்றிலிருந்து வாசித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு அம்பர்நாத்துக்கு, உன் அம்மாவுக்கு, போன் போட்டேன்.

"அத்தை, அவ எனக்கு வாசிச்சுக் காட்டுவாளே, தமிழ் படக்கதை, அதுல வேற புக்கு ஏதும் அங்க இருக்கா?"

"தமிழ் புக்கா? ஏளா, அவளுக்குத் தமிழ் எங்க வாசிக்கத் தெரியும்?"

"ஊர்ல ரெண்டாப்பு வர..."

"நல்லாருக்கே. அவ பொறந்ததே தாராவிலல்லா. ஊருக்கு ரெண்டே தடவ போயிருக்கா, கோயில் கொடைக்கு. படத்தப் பாத்து அவளா எடுத்து விட்டிருப்பா. நீ நம்பிட்டியாக்கும்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் "சாப்பிட்டியா" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஆக இந்தக் கடிதத்தையும் உன்னால் படிக்க முடியாது. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். அங்கே யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல். மாற்றி வாசித்தாலும் பரவாயில்லை.

போனை வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நான் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

நான் பார்க்க வந்ததற்கு மறுநாள் உனக்கு ஆபரேஷன். இதயத்தில் ஒரு வால்வு. பிற்பகல், பார்வையாளர் நேரம், ஜன்னல் பக்கத்துக் கட்டில். பதினொன்றாவதைக் கொண்டு வரச் சொன்னாய். தலையணைக்கு மேல் சாய்ந்து விரலை எழுத்தின் மேல் வைத்தாய்.

"'வலிக்குமா'ன்னு கேக்கான்."

"யார்ட்ட?"

"யார்ட்டயும் இல்ல. சும்மா கேக்கான்."

நான் சிரித்தேன். இவ்வளவு பெரிய ஆளு, வலிக்குப் பயப்படுதான் பாரு என்றேன். நீயும் சிரித்தாய். பக்கத்தைத் திருப்பினாய்.

"'நாளைக்கு யாரும் கூட வருவாங்களா'ன்னு கேக்கான்."

"ஹீரோல்லா. தனியாத்தான் போவான்."

 அச்சிட்டதைத்தான் வாசிக்கிறாய் என்று நான் நம்பியிருந்தேன். மறுநாள் எனக்குப் பரீட்சை. வரவில்லை. நீயும் ஆபரேஷன் அறையிலிருந்து திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று கடைசிப் பக்கம் வந்ததும் கேட்டேன், குதிச்சானா என்று.

"குதிக்கல. எறங்கி வீட்டுக்குப் போயிட்டான்."

"எப்படி?"

"படி வழியாத்தான். அங்கன படி இருக்குல்லா."

படமாக எடுத்திருப்பது இந்தப் பதினொன்றாவது கதையைத்தானாம். நாளை அந்தக் கடைசிப் பக்கம் ஊர் முழுக்கத் திரையில் ஓடும். குழுவில் எல்லாரும் முடிவைச் சொல்லாதே, முடிவைச் சொல்லாதே என்று ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருடமாக என் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கதை. அதன் முடிவு தெரிந்துவிடுமோ என்று அவர்கள் எல்லாரையும் விட நான்தான் அதிகம் நடுங்குகிறேன். 'அங்கன படி இருக்குல்லா.' உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை. அந்த இடத்தில் அச்சடித்தவன் அவனைக் கொன்றிருந்தால்?

மத்தியானம் வரை புத்தகம் மடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு பழைய டைரித் தாளைக் கிழித்தேன், துண்டு துண்டாக. பதினொன்றாவதைக் கடைசியிலிருந்து திறந்து, கண்ணை மங்கலாக்கிக்கொண்டு, எழுத்து இருந்த வட்டங்களின் மேலெல்லாம் துண்டுகளை வைத்தேன். ஒன்று இரண்டு முறை நழுவியது, மறுபடி வைத்தேன். வாசிக்கவில்லை. சத்தியமாக வாசிக்கவில்லை.

அப்புறம் பார்த்தேன், நீ பார்த்த மாதிரி, படத்தை மட்டும்.

கோபுரத்தின் உச்சி. விளிம்பில் யாரும் இல்லை. மூலையில், நான் அன்று கவனித்திராத ஒரு சின்னக் கதவு, பாதி திறந்து. உள்ளே இரண்டு படி தெரிகிறது. கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு கை. இடது கை. உறை இல்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருக்கிறான்.

மற்ற பத்தையும் எடுத்து அதே மாதிரி பார்த்தேன். "அந்தச் சொல்லையே நான் அறியேன்" என்று சிரிக்கிறானே, அங்கே அந்தக் கை கூரை விளிம்பை எப்படிப் பற்றியிருக்கிறது தெரியுமா. ரயிலின் மேல் ஓடும்போது கட்டை விரலை உள்ளே மடக்கி வைத்திருக்கிறான், குழந்தை மாதிரி. வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியவனுக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. உன் கை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அன்று அது என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், எழுத்தின் மேல் இருந்தது.

இப்போது என்னிடம் இருப்பது இதுதான். யாராவது பயமில்லை என்று சொன்னால் உடனே கையைப் பார்க்கிறேன். லோக்கலில், ஆபீஸில், கண்ணாடியில்.

குழுவில் பதில் போட்டேன். "எல்லாப் பக்கமும். இடது கையைப் பாருங்கள்." ஒருவன் சிரிக்கும் முகம் போட்டான். இன்னொருவன், இந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து எடுங்கள் என்றான். துண்டுத் தாள்களை எடுக்காமல் புத்தகத்தை மூடி, நூலால் கட்டிப் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளி. செம்பூரில் பிற்பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். போகும் வழியில், ஸ்டேஷனுக்கு வெளியே மருந்துக் கடையில் பஞ்சு வாங்கினேன். விளக்கு அணைந்ததும் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன்.