என் பெயரைச் சொல்லி

1 செப்டெம்பர் 2024, ஞாயிறு

காலை அப்பா ஃபோன் எடுத்தவர். டென்மார்க்கின் மேற்குக் கரையில், எஸ்பியர்க்கில், காற்றாம், தோட்டத்துக் கதிரைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டனவாம். பிறகு வழமைபோல, "பிள்ளை, கோயில்லை ஒருத்தர் கேக்கிறார்" என்று தொடங்கினார்.

தன் பெயரில் தொழில் நடத்திய ஒருவர் வரி கட்டாமல் விட்டுவிட்டால் கொன்கூர்ஸ் போவது நல்லதா, கெல்ட்சனேரிங் கேட்பது நல்லதா என்று கேள்வி. கொன்கூர்ஸ் என்றால் எல்லாவற்றையும் நீதிமன்றத்திடம் ஒப்படைத்து வங்குரோத்து கேட்பது, அவர்கள் நியமிக்கிற வழக்கறிஞர் வந்து கணக்கு முழுவதையும் கிளறுவார் என்றேன். கெல்ட்சனேரிங் அப்படியில்லை, இனி என்னால் ஒருபோதும் கட்ட ஏலாது, குறைத்துவிடுங்கள் என்று அந்த ஆள் தனியே கேட்கும் மனு. "ஆருக்கு எது பொருந்தும் எண்டு கதையை முழுசாக் கேட்டால்தான் சொல்லலாம் அப்பா."

"ஓமோம்" என்றார்.

இப்போது மூன்று நாலு வருடமாக இப்படித்தான் அடிக்கடி கேட்கிறார். நான் சட்டம் படித்த காலத்தில் ஒரு நாளும் என்ன படிக்கிறாய் என்று கேட்காத மனுசன். வயது போக என் வேலையில் ஓர் அக்கறை வந்திருக்கிறது. உள்ளுக்குள் சந்தோசம்தான்.

5 செப்டெம்பர், வியாழன்

பகலில் காப்புறுதிக் கம்பனி, வியாழன் பின்னேரம் நூலகத்து மேல்மாடியில் இலவசக் கடன் ஆலோசனை. இன்று நந்திதாவும் நானும் மட்டும். நந்திதா கோயம்புத்தூர்க்காரி, கணக்காளர். எண்களை எனக்கு விளங்கப்படுத்துவது அவதான்.

எஸ்பியர்க்கிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்திருந்தா. கிளோறியா. அறுபது வயதிருக்கும், முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை. அங்கே ஆலோசனைக்குப் போனால் சனம் கண்டுவிடும் என்று இங்கே ஒடென்சே வரைக்கும் ரயில் ஏறி வந்திருக்கிறா. சம்பளத்தில் பாதி பிடிபடுகிறதாம். நகரசபை, அந்தக் கொம்யூன், பிழை விட்டிருக்கும், ஒருக்கால் சொல்லிவிடுங்கோ பிள்ளை என்றா.

கொம்யூன் பிழை இல்லை. வரித்திணைக்களம். அவவின் பெயரில் ஒரு துப்புரவு நிறுவனம் இருக்கிறது. ஐந்து வருடமாக. வேலைக்காரரின் சம்பளத்தில் பிடித்த வரியும் கட்டவில்லை, விற்பனை வரி மொம்ஸும் கட்டவில்லை.

கணினித் திரையை அவ பக்கம் திருப்பினேன். தன் பெயரை விரலால் தொட்டு வாசித்தா. "இது வேறை ஆரோ கிளோறியா" என்றா. பிறகு தன் பிறந்த திகதியைக் கண்டா. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தா.

ஃபோனில் கையெழுத்துப் போடுகிற மிட்ஐடியை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். "எனக்குக் கடிதம் வாசிச்சுத் தாறவர் ஒருத்தர் இருக்கிறார். அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை."

பெயர் சொல்ல மறுத்துவிட்டா. அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

8 செப்டெம்பர்

அந்த அம்மாவின் விரல் அந்தத் திரையில் நின்றது திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. எந்த மனு அவவுக்குச் சரி? இவதான் தொழில் நடத்தினா என்ற கணக்கில் கெல்ட்சனேரிங் போட்டால் நீதிமன்றம் தள்ளிவிடும்: வரி கட்டாமல் பொறுப்பில்லாமல் நடத்தியவ என்று. கொன்கூர்ஸ்தான் வழி. கணக்கைக் கிளறட்டும், காசு எங்கே போனது என்று தெரியட்டும். அதன் பிறகு அந்த வழக்குக்குள்ளேயே கடனைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கு அவ அந்த ஆளின் பெயரைச் சொல்ல வேணும்.

12 செப்டெம்பர், வியாழன்

எழுத ஏலுமோ தெரியேல்லை. எழுதிப் பாக்கிறன்.

கிளோறியா அம்மா வந்தவ. இரண்டு மனுவையும் ஆறுதலாகச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் மனுசன் பஸ்தியாம்பிள்ளை செத்த கதையைத் தொடங்கினா. விபோர்க்கிலிருந்து எஸ்பியர்க்குக்கு வந்து ஒரு வருடம்கூட இல்லை, மாரடைப்பு. டெனிஷ் வாசிக்கத் தெரிந்தது அவருக்குத்தான். செத்த வீட்டுக்கு எல்லாம் ஓடியாடிச் செய்தவர் ஒருவர். பெட்டி தூக்கினவர். அதன்பிறகு ஒவ்வொரு சனியும் வந்து ஈபொக்ஸில் வரும் அரசாங்கக் கடிதமெல்லாம் பார்த்துத் தந்தவர். "இதிலை ஒருக்கால் அமத்துங்கோ எண்டு ஃபோனைத் தருவார், நான் அமத்துவன்."

"ஆர் அம்மா அவர்?"

"சிறீயண்ணை. எங்கடை சிறீஸ்கந்தராசா அண்ணை. எனக்கு முதல்லை பயமாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா அவற்றை மகளும் உங்களைப்போல சட்டம் படிச்சவவாம். எல்லாம் அவவிட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யிறன், பிழை வராது எண்டவர்."

என் அப்பா. என் அப்பா!

"அந்த மகள் நான்தான்" எண்டு என்ரை வாய் சொன்னது. ஏன் அப்பிடிச் சொன்னன்? மறைச்சிருக்க ஏலாது. இன்னொரு சொல்லு அவவோடை கதைக்க எனக்கு உரிமை இல்லை.

கிளோறியா அம்மா என்ரை முகத்தைப் பாத்தா. "ஓம்," எண்டா. "மூக்கு அவற்றை மூக்கு." கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போட்டா. ஜக்கெற் கதிரையிலை கிடந்தது. பின்னாலை ஓடிப்போய்க் குடுத்தன். வாங்கினா. என்னைப் பாக்கேல்லை.

13 செப்டெம்பர்

கோயில்லை ஒருத்தர் கேக்கிறார். கோயில்லை ஒருத்தர் கேக்கிறார். நான்தானே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தன்.

14 செப்டெம்பர், சனி

நந்திதாவின் வீட்டுக்குப் போய், இந்த வழக்கு எனக்கு ஆகாது, உறவு இருக்கிறது, நீங்கள் எடுங்கோ என்றேன். எந்த உறவு என்று அவ கேட்டா. சொன்னேன். அவ கையில் இருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தா.

"சாரங்கி, இனிமே இந்தக் கேஸ்ல நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்கிட்டயும் கேக்கக்கூடாது. உங்க அப்பாகிட்டயும் அந்தம்மா சொன்னதச் சொல்லக்கூடாது."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்றேன்." பிறகு என் தோளில் கை வைத்தா. அதுவரைக்கும் அழுகை வரவில்லை.

நிரோஜனுக்கும் முழுக்கச் சொல்ல ஏலாது. கட்டின மனுசனிடம் தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறேன்.

15 செப்டெம்பர், ஞாயிறு

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அப்பா ஃபோன் எடுக்காமல் நேரே வந்து நின்றார். கிளோறியா அம்மா அவரையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறா.

மறுப்பார் என்று நினைத்தேன். "அது நான் இல்லை, வேறை ஆரோ" என்பார், நான் நம்புவேன் என்று ஒரு ஆசை கடைசி வரை இருந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றினார், சோபாவில் இருந்தார், தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"என்ரை பேரிலை திறக்க ஏலாது பிள்ளை. முந்தி ஒரு தொழில் முறிஞ்சது உனக்குத் தெரியாது. இனித் திறக்கிறதெண்டால் வரிக்கந்தோர் பெரிய பிணை கேக்கும்."

"அதுக்கு அந்த மனுசியின்ரை பேரோ?"

"ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைச்சிருந்தால் எல்லாம் கட்டியிருப்பன்."

"என்னட்டைக் கேட்டுத்தான் செய்தனீங்கள் எண்டு சொல்லியிருக்கிறியள்."

"கேட்டனான்தானே."

கேட்டனான்தானே! என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னார். அவர் என்ன சொல்ல வந்தவர் எண்டது அதுக்குப் பிறகுதான் தெரிஞ்சது. "கொன்கூர்ஸ் வேண்டாம். அந்தாள் வந்து தோண்டுவான். கெல்ட்சனேரிங் போடச் சொல்லு. தான்தான் நடத்தினது, நட்டப்பட்டுப்போச்சு எண்டு சொல்லட்டும். அதைத் தள்ளினாலும் அவவுக்கு என்ன, சம்பளத்திலை கொஞ்சம் பிடிப்பாங்கள், அவ்வளவுதானே. மாதா மாதம் நான் கையிலை குடுக்கிறன்."

எந்த மனு தனக்கு நல்லது எண்டு என்ரை அப்பா என்னைவிட நல்லாப் படிச்சு வைச்சிருக்கிறார்.

"போங்கோ அப்பா" எண்டன். சப்பாத்து நூலைக் கட்ட அவருக்குக் கனநேரம் எடுத்தது. நான் குனிஞ்சு கட்டிவிடேல்லை.

18 செப்டெம்பர்

அம்மா ஒரு பாவமும் அறியாதவ. அவவுக்கு இதை எப்படிச் சொல்லப் போகிறேன்?

24 செப்டெம்பர், செவ்வாய்

அம்மா எடுத்தா. அவவுக்குத் தெரியும். தொடக்கத்திலிருந்தே தெரியும்.

அழுவா என்று நினைத்தேன். இல்லை. கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில் சொன்னா: "அந்த மனுசி தனிக்கட்டை. பிள்ளையில்லை, வீடில்லை, அவவிட்டை எடுக்க ஒண்டும் இல்லை. எங்களுக்கு வீடிருக்கு. உன்ரை பேர் இருக்கு. யோசிச்சுப் பார்."

என் அம்மாவா இது? அம்மாவைத்தான் சனம், பரமேஸ்வரி அக்கா வந்தால்தான் செத்த வீட்டில் அடுப்பு மூளும் என்பார்கள். அந்த மனுசன் செத்தபோது கிளோறியா அம்மாவுக்கு மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோனதும் இவதான்.

"நாங்கள் ரெண்டு பேரும் போய்க் கதைச்சிட்டம்" என்றா. "தான்தான் நடத்தினது எண்டு சொல்லச் சம்மதிச்சிட்டா. வியாழக்கிழமை உங்கை வந்து கையெழுத்து வைப்பா. நீ பேசாமல் இரு. அது காணும்."

25 செப்டெம்பர், புதன்

பேசாமல் இருப்பதுதான் என் கடமையும். அதுதான் பைத்தியம் பிடிக்கிறது. அவ அந்தக் கெல்ட்சனேரிங்கில் கையெழுத்து வைத்தால், அது தள்ளுபட்டால், பென்ஷன் எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். சாகும்வரை. எனக்கு அது தெரியும். ஆனால் நான் மட்டும் சொல்லக்கூடாது.

நிரோஜனிடம் கடைசியில் பெயர் ஒன்றும் சொல்லாமல், அப்பா ஒருவரை ஏமாற்றிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். "அப்பா தானே, விடு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடாதை" என்றார்.

எது எனக்குச் சொல்ல உரிமை உள்ளது? மனுவைப் பற்றி இல்லை. வழக்கைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி?

பின்னேரம்.

கிளோறியா அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, நான் சாரங்கி. எந்த மனு எண்டு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அது நந்திதா சொல்லுவா, அவ சொல்லுறது சரியா இருக்கும். எனக்குச் சொல்லக்கூடியது ஒண்டுதான். உங்கடை விசயம் எண்டு ஒரு நாளும் என்னட்டை ஆரும் கேக்கேல்லை. உங்கடை பேரிலை ஒரு தொழில் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் சரி எண்டு சொன்னன் எண்டது பொய்."

சலவை இயந்திரம் சுழலும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்ப நான் நம்பினது உங்களைத்தான் பிள்ளை," என்றா. "காணாத உங்களை. அவரை இல்லை."

வைத்துவிட்டா.

இது பிழையா? ஒழுங்குப்படி பிழையாக இருக்கலாம். நந்திதாவிடம் உடனே சொன்னேன். அவ திட்டினா. முழுக்கத் திட்டி முடித்துவிட்டு, "இனிமே வேண்டாம்" என்றா. இனி இல்லை.

26 செப்டெம்பர், வியாழன்

இன்று நான் போகவில்லை.

11 ஒக்டோபர்

அப்பாவிடமிருந்து ஒரே வரி: "நீ எனக்குப் பிள்ளை இல்லை." அதில் இருந்துதான் கிளோறியா அம்மா என்ன செய்திருக்கிறா என்று எனக்குத் தெரிந்தது.

கொன்கூர்ஸ். உண்மையோடு.

நிம்மதி வர வேணும் அல்லவா? அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், நிரோஜன் ஃபோனைப் பறித்து வைத்திருக்கிறார்.

19 நவம்பர்

நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அம்மா குரல்பதிவு அனுப்பியிருக்கிறா. காசு போன பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதில் ஒரு பகுதி எங்கள் கலியாண மண்டபத்து வாடகை.

எங்கள் கலியாணம். அந்த மண்டபத்தில் கிளோறியா அம்மா பரிமாறிக்கொண்டு நின்றிருப்பாவோ? படங்களைத் தேடிப் பார்க்கப் பயம்.

20 நவம்பர்

நிரோஜன் பார்த்தார். ஒரு படத்தில், பின்னால், நீலச் சீலையோடு. சிரித்துக்கொண்டு.

3 டிசெம்பர்

மண்டபத்துக் காசை நாங்கள் திருப்பிக் கட்டுவதாக அந்த வழக்கறிஞருக்கு அறிவித்தோம். நிரோஜன்தான் முதலில் சொன்னார். அப்பா தானே, விடு என்ற அதே ஆள்.

10 ஏப்ரல் 2025, வியாழன்

கிளோறியா அம்மா தானே மேல்மாடிக்கு வந்தா. நந்திதாவுக்குக் கேக் கொண்டுவந்தா. நான் என் மேசையிலேயே இருந்தேன். போகும்போது என் பக்கம் வந்து நின்றா.

"குறைச்சுத் தந்திட்டினம். மூண்டு வருசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினால் காணும்." பிறகு, "உங்கடை அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. கடையிலை கண்டால் மற்றப் பக்கத்தாலை போறா. நான் என்ன செய்தனான் பிள்ளை?"

கேக் ஒரு துண்டு எனக்கும் வெட்டி வைத்துவிட்டுப் போனா.

27 ஏப்ரல்

எஸ்பியர்க் வீடு கடனுக்கு விற்கப்பட்டுவிட்டது. அம்மா, அப்பா இருவரும் இரண்டறை வாடகை வீட்டில். பொலிஸ் விசாரணை இன்னும் முடியவில்லை. எனக்குச் சொன்னது அம்மா அல்ல, எஸ்பியர்க்கில் ஒரு சிநேகிதி.

8 மே 2025, வியாழன்

மேல்மாடியில் இன்று சனம் அதிகம். எனக்கு முன்னால் ஒரு இளம் ஆள், உந்துருளிக் கடை, மூடுவதா வேண்டாமா என்று குழம்பிப்போய். பக்கத்து மேசையில் லார்ஸ், வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இந்த வருடம் எங்களோடு சேர்ந்தவர்.

லார்ஸின் மேசைக்கு அப்பா வந்து இருந்தார்.

இளைத்துவிட்டார். கோட்டு தோளில் நிற்கவில்லை. எஸ்பியர்க்கில் சனம் கண்டுவிடும் என்றுதான் அவரும் ரயில் ஏறியிருப்பார் போல. என்னைக் கண்டாரா? கண்டார். தலையைக் குனிந்துகொண்டார், எழும்பிப் போகவில்லை.

வரித்திணைக்களம் இப்போது அவரிடம் கேட்கிறது. எந்த மனு போடலாம் என்று அறிய வந்திருக்கிறார். முப்பத்தைந்து வருடத்து டெனிஷ், தடுக்கித் தடுக்கி. லார்ஸ் பொறுமையாகக் கேட்டார்: "நிறுவனம் யாருடையது?"

அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். "என்னுடையது. பெயர் மட்டும் இன்னொருவருடையது. அவவுக்குத் தெரியாது."

லார்ஸுக்கு முழுக்க விளங்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, இங்கே உங்கள் மொழி தெரிந்த ஒருவர் இருக்கிறா, கூப்பிடட்டா என்று கேட்டார்.

"நாய்" என்றார் அப்பா. டெனிஷில் வேண்டாம் என்று. "அவவைக் கேட்க வேண்டாம். நானே சொல்லுறன்."

சொன்னார். மெல்ல, சொல்லுக்குச் சொல் தேடித் தேடி, தொடக்கத்திலிருந்து.

என் முன்னால் இருந்த ஆள் ஏதோ கேட்டார். மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.