சட்டி காலியாகாமல் வண்டி திரும்பாது

மச்சான்,

இன்று காலையில் மோட்டார் ரூம் பரணில் கிடந்த தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டேன். விரித்த உடனே குப்பென்று அந்த வாடை. நனைந்த சாக்கும் டீசலும் அழுகிய திராட்சையும் கலந்தது, அதோடு ஏதோ ஒரு மடிப்பில் எப்போதோ சிந்தின புளிச்சோற்று வாடையும். மூக்கைப் பொத்த வேண்டிய நாற்றம்தான். நான் பொத்தவில்லை. கிழக்கே பார்த்தால் மேகமலை இருந்த இடமே தெரியவில்லை, அத்தனை கறுப்பு. ஐப்பசி பிறந்து இதுதான் முதல் அடைமழை.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடி வந்து, "யக்கா, மழை வருது, தார்ப்பாயை உள்ள எடுத்து வைக்கவா?" என்றாள். "மழை வருதுன்னுதான்டி வெளிய எடுக்குறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும். புதிதாக வேலைக்கு வந்தவள், நம் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது.

திராட்சைக்காரன் வீட்டில் வெயில் அடிக்கிற நாளெல்லாம் வேலை நாள்தான். கவாத்து, மருந்து, பழவெட்டு என்று ஒன்று போனால் ஒன்று நிற்கும். தீபாவளியன்றுகூட ஒரு எட்டு தோட்டத்துக்குப் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் உங்களுக்கு இட்லி இறங்கும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மருந்தடிக்க முடியாது, பழம் வெட்ட முடியாது. கொத்துக் கொத்தாகப் பழம் வெடிக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் தலையில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, நீங்க மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பீங்க. "நாம பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாலும் வெடிக்கிற பழம் வெடிக்கத்தான் செய்யும். புளிச்சோத்தைக் கட்டு, கெளம்புவோம்." ஊரே வீட்டுக்குள் ஓடுகிற மழையில் வெளியே ஓடின குடும்பம் நம்முடையது ஒன்றுதான்.

கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி, தொண்ணூற்றாறில், எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து, தூக்குச்சட்டியை என் மடியில் கொடுத்து, சுருளி அருவிக்குக் கூட்டிப் போனீங்க. வெள்ளம் வந்துவிட்டது என்று அருவிப் பக்கமே விடவில்லை. நான் கட்டியிருந்ததோ கல்யாணத்துக்கு எடுத்த சேலை. அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போயிருவோம் என்றேன். "சட்டி காலியாகாம வண்டி திரும்பாது" என்றீங்க. வழியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினோம். அதன் கூரையும் ஒழுகியது. அங்கே உட்கார்ந்துதான் தின்றோம். தின்று முடித்ததும், "அருவியில குளிக்க விடலைன்னா என்ன, இங்கயே கொட்டுதுல்ல, தலையைக் காட்டு" என்று ஒழுகலுக்கு நேராக என்னை இழுத்து நிறுத்தினீங்க. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் சிரித்தது. அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடித்தது மச்சான். கல்யாணத்தன்று இல்லை. இதை உங்களிடம் நான் சொன்னதே கிடையாது. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வீங்க.

அப்புறம் பவித்ரா பிறந்தாள், நித்யா பிறந்தாள். பழம் ஏற்றுவதற்கென்று குட்டியானை வாங்கினோம். அந்தச் சின்ன லோடு வண்டியின் பின்பக்கம் சாக்கை விரித்து, மேலே இந்தத் தார்ப்பாயைக் கட்டி, பிள்ளைகளையும் சட்டியையும் உள்ளே ஏற்றிக்கொண்டு வருசா வருசம் கிளம்பினோம். எந்த வருசமும் போன இடத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. வைகை அணைப் பூங்காவில் முழங்கால் தண்ணீர். கும்பக்கரையில் கயிற்றைக் கட்டித் தடுத்துவிட்டார்கள். மேகமலைக்கு இரண்டு தரம் கிளம்பினோம். ஒரு தரம் அடிவாரச் சோதனைச்சாவடியோடு சரி. மறுதரம் பாதி மலையில் மரம் விழுந்து கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, தார்ப்பாய்க்குள்ளேயே சட்டியைக் காலி செய்தோம். நித்யா உங்க தாடையைப் பிடித்துக் கேட்டாள், "அப்பா, மேல என்னப்பா இருக்கு?" என்று. "அடுத்த ஐப்பசிக்குக் காட்டுறேன்த்தா" என்றீங்க.

அடுத்த ஐப்பசிக்கு நீங்க இல்லை. வைகாசியில் ஒரு காலை, மருந்தடிக்கிற டப்பாவைத் தோளில் மாட்டியபடியே பந்தலுக்கு அடியில் சரிந்தீங்க. தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். இன்றைக்கும் படுகிறேன். காட்டுகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிற போக்கா அது?

அதற்கப்புறம் வீடு நிறையக் கட்டுப்பாடு வந்து உட்கார்ந்தது. வருசம் திரும்புகிற வரை விசேஷ வீட்டுக்குப் போகக் கூடாது, கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. போன தீபாவளிக்கு நான் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த முறுக்கும் அதிரசமும் டப்பாவில் அப்படியே கிடந்தது. அதிலெல்லாம் நான் மல்லுக்கு நிற்கவில்லை, எனக்கே பலகாரம் சுட மனசில்லை. தீபாவளி கழிந்த வாரம் மழை பிடித்தது. பவித்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அம்மா, மழை பெய்யுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கிளம்புவோமா என்று கேட்கவில்லை. நித்யாவும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா செத்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்று இந்த அஞ்சு மாசத்தில் யாரோ என் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இந்த வருசம் விட்டால் அடுத்த வருசமும் கேட்க மாட்டார்கள். அதோடு மழை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற வீடாகிவிடும் நம் வீடும். எழுந்து போய்ப் புளியை ஊறப் போட்டேன்.

வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்பீங்க. நீங்க கற்றுக்கொடுத்த ஓட்டுதான். பழப்பெட்டி ஏற்றும்போது பந்தல் ஓரமாக வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த ஆள் வேண்டும் என்று என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தீங்க. லைசென்சும் எடுத்துக் கொடுத்தீங்க. ஆனால் எனக்குக் கை வந்தது முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். "மூணாவது எதுக்கு, நீ என்ன மெட்ராசுக்கா போகப் போற?" என்று சிரித்ததும் நீங்கதான்.

பிள்ளைகளை முன்னால் ஏற்றி, சட்டியை வைத்து, வண்டியைக் கிளப்பினேன். அடுத்த வீட்டிலிருந்து உங்க அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றாக.

"எங்கனத்தா கெளம்பிட்ட?"

"மேகமலைக்கு."

"வெவரங்கெட்டுப் பேசாத. இன்னும் வருசம் திரும்பல. மலை ஏறக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"கோயில் இருக்கிற மலைக்குத்தான அது? அங்கன தேயிலையும் ஏலக்காயும்தான இருக்கு."

"மலைன்னா மலைதான்."

"அப்ப அங்கன தோட்டத்து லயத்து வீட்டுல குடியிருக்கிற சனத்துக்கு வீட்டுல ஒரு சாவு விழுந்தா, வருசம் பூரா எங்க போய் நிப்பாக? சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுலயா?"

உங்க அண்ணன் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டாக. அப்புறம், "ஊரு என்னத்தா பேசும்?" என்றாக, குரல் இறங்கி. "மழை பெய்யுது. ஊரு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கு. யாரு பாக்கப் போறா?" என்றேன். நல்ல மனுசன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீங்க போன அன்று என் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது அவுகதான். ஆனால் நல்ல மனுசர் குறுக்கே நின்றாலும் வண்டிக்கு வழி வேண்டுமே. ஹாரனை அமுக்கினேன். அந்த நேரத்தில் வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் உங்க மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறித் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்துவிட்டாக. "இவ சொன்னாக் கேக்க மாட்டா. ஒத்தையில விடவா முடியும்? ரசம் இருக்கு, ஊத்திச் சாப்பிடுங்க" என்று புருசனிடம் சொல்லிவிட்டு, "நீ வண்டியை எடு ஆத்தா" என்றாக. உங்க அண்ணன் குடையோடு ஒதுங்கி நின்றாக.

சின்னமனூர் வரைக்கும் இரண்டாவது கியர்தான். பின்னால் வந்த பஸ், லாரி என்று, மாட்டு வண்டி தவிர அத்தனையும் என்னைத் திட்டிக்கொண்டே முந்திப் போனது. சோதனைச்சாவடியில் இருந்தவர் குனிந்து பார்த்து, "பொம்பள ஓட்டிக்கிட்டா மேல போறீக? ரோடு மோசம்மா" என்றார். "ஆம்பள போனாலும் அதே ரோடுதானங்க?" என்றேன். சிரித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார். அதற்கப்புறம் பாருங்க, மலை ரோட்டில் எல்லா வண்டியும் என் கியரில்தான் வந்தது. ஒருத்தனும் முந்தவில்லை. ரோடா அது, கல்லும் குழியும். ஒவ்வொரு வளைவிலும் உங்களை வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் திருப்பினேன். திட்டினால் பயம் தெரிவதில்லை. மரம் விழுந்து கிடந்த இடத்தைத் தாண்டியபோது பவித்ரா நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுக்கு மேல புதுசும்மா" என்றாள்.

மேலே போய் இறங்கினால் ஒன்றுமே தெரியவில்லை மச்சான். தேயிலையில் முதல் வரிசை மட்டும் தெரிகிறது, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. நித்யா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான் மேல இருந்துச்சா?" என்றாள். பவித்ரா, "அப்பா கூட்டிட்டு வந்திருந்தாலும் இதைத்தான் காட்டியிருப்பாக" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் எல்லோருமே சிரித்தோம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உங்க பேச்சை எடுத்தால் அழுவதற்கென்றே பழகிப்போயிருந்த பிள்ளைகள், உங்களை நினைத்துச் சிரித்தார்கள்.

தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து தின்றோம். எல்லோரும் கை கழுவின பிறகு பார்த்தால் சட்டியில் ஒரு ஆள் சோறு மிச்சம். கை பழக்கத்தில் உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டிருக்கிறேன். உங்க மதினி, "காக்காய்க்கு வை ஆத்தா" என்றாக. இலையில் வைத்து, பாறை மேல் வைத்து, "கா… கா…" என்று கூப்பிட்டோம். அந்த மூட்டத்தில் ஒரு காக்காயைக் காணோம். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போன தோட்டத்துப் பெண் ஒருத்தி, "இந்த மழையில காக்கா எங்கக்கா வரும்? அதுவும் எங்கயாவது ஒண்டிக்கிட்டுக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் விடவில்லை, கூப்பிட்டுக்கொண்டே நின்றோம். இலையில் தண்ணீர் கட்டியது. உங்க மதினி மெதுவாக, "காக்கா எடுக்கலைன்னா போனவுகளுக்கு மனக்குறைன்னு அர்த்தம். மலை ஏறுனது பிடிக்கலையோ என்னமோ" என்றாக. அவ்வளவுதான், பிள்ளைகள் முகம் செத்துப்போனது. இரண்டு நிமிசத்துக்கு முன் சிரித்த பிள்ளைகள்.

எனக்கு வந்ததே பாருங்க ஒரு கோபம். போய் இலையை எடுத்தேன். "அவுகளுக்கு ஒரு மனக்குறையும் இல்ல. சட்டி காலியாகலைங்கிறதுதான் குறை" என்று சொல்லிவிட்டு, நானே தின்றேன். உங்க பங்கு, கடைசிப் பருக்கை வரை, மழைத்தண்ணீரோடு. அழுதுகொண்டேதான் தின்றேன், அதை மறைக்கவில்லை. தின்று முடித்து, சட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன். "இப்பத் திருப்பலாமா வண்டியை?" என்றேன். "திருப்பலாம்மா" என்றார்கள் இரண்டு பேரும்.

சும்மா விட்டார்களா? அந்தக் கார்த்திகையில் நித்யாவுக்குக் காய்ச்சல் வந்தது, மலை ஏறினதால்தான் என்றார்கள். மழையில் பழம் வெடித்தது, அதற்கும் மலை ஏறினதுதான் காரணம். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் எல்லாத் தோட்டத்திலும்தானே பழம் வெடித்தது, அத்தனை பேரும் என்கூட மலை ஏறினாகளா என்று கேட்டேன். எனக்கு ராங்கிக்காரி என்று பேர் வந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கிறோம். பவித்ரா என் தோளைத் தாண்டிவிட்டாள், உங்க பிடிவாதம் அப்படியே நித்யாவிடம் இருக்கிறது. மேற்கு ஓரத்துப் பழைய கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் குச்சி வைத்தேன், பந்தல் ஏறிவிட்டது. மூன்றாவது கியரும் பழகிவிட்டேன், மெட்ராசுக்கு இல்லை, தேனிக்குப் பழம் கொண்டுபோக. வருசமும் திரும்பிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் உங்க அண்ணன் வேலிப் பக்கமாக வந்து, வானத்தைப் பார்த்தபடியே, "மழை பிடிக்கிற மாதிரி இருக்கே. இந்தத் தரம் எங்கனத்தா?" என்றாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பின்னாடி தார்ப்பாய்க்குள்ளதான் இடம் இருக்கு" என்றேன். "அதுக்கென்ன, உக்காந்துக்கிருவோம்" என்றாக.

இப்போது பிள்ளைகள் வண்டியில் ஏறிவிட்டார்கள். யாரும் அவர்களை ஏறச் சொல்லவில்லை, மழைச் சத்தம் கேட்டதும் அவர்களாகவே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்சம் முன்னால் நான் அரிசி போடும்போது உங்க மதினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாக.

"இன்னமுமா அவனுக்குச் சேத்துப் போடுற?"

"ஆமா."

"காக்காய்க்கா?"

"எனக்கு" என்றேன்.

மழை வலுத்துவிட்டது மச்சான். கெளம்புறோம்.