ஷெட் வரைக்குமான நீராவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதை அறிவேன். ஆனால் உண்மைக்கு மாறான ஒன்றை முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் பிறகு திருத்துவது எனக்கு வழக்கமில்லை, ஆதலால் உன் அம்மா நலம் என்று மட்டும் எழுதுகிறேன், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவர் எண்ணமும். அம்மா அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அவளிடம் தொலைபேசியில் சொன்னாயாம். பாலங்கள் வரையும் அந்த அலுவலகத்தில் உன்னை நிரந்தரமாக்கும் தாளில் மாத முடிவுக்குள் நீ கையெழுத்திட வேண்டும் என்பதும், இன்னும் இடவில்லை என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைத் தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், அம்மா இடையில் பிடுங்கிப் பேசுவாள், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும், ஆகையால் எழுதுகிறேன். எழுத்து வரிக்கு வரி சிறுத்துப்போவதைக் கவனிப்பாய். அப்பா தாளை மிச்சம் பிடிக்கிறார் என்று எண்ணாதே, அதுவும் நோயின் ஓர் அடையாளம்தானாம்.

நோயின் பெயர் நடுக்குவாதம். ஐம்பது வயதிலேயே வருமா என்று கேட்டேன், சிலருக்கு வரும் என்றார் மருத்துவர். குணமாகுமா என்றேன். மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்துக்கொண்டே, ஆகாது, மாத்திரை சில வருடங்கள் பிடித்து நிறுத்தும், பிறகு அதுவும் கேட்காது என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு வந்தேன். இது எப்போது தொடங்கியது என்று அம்மாவைத் துளைத்தெடுத்தாயாம், அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய கறுப்பு நீராவி ரயில் இன்ஜின் பொம்மையின் பெட்டியைப் பிரித்த அன்றுதான் எனக்கு முதலில் தெரிந்தது. எடுத்து வைத்தவுடன் ஓடும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், முன் கொக்கி, ஏறும் படி, காற்றுக்குழாய் என்று நாமே பொருத்த வேண்டிய பொடிப்பொடி உறுப்புகள் ஒரு சின்ன உறையில் தனியாக இருக்கும் அல்லவா, அவற்றைப் பொருத்தாமல் எந்த இன்ஜினும் நம் வீட்டு மேசைத் தண்டவாளத்தில் ஏறக் கூடாது என்பது நான் வைத்த விதி. அந்தக் காற்றுக்குழாய் வெட்டியெறிந்த நகத்துண்டு அளவுகூட இருக்காது. இடுக்கியில் பிடித்துக் கொண்டுபோகிறேன், துளை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். மாலை முழுவதும் அப்படியே போயிற்று. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று கண்மேல் பழியைப் போட்டேன். இன்ஜின் ஓடுதாப்பா, வீடியோ அனுப்புங்க, என்று நீ கேட்டபோதெல்லாம் மேசைக்கு வர்ணம் அடிக்கிறேன், மின்சாரம் சரியில்லை என்று நான் சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

முடிவில் அந்த உறையை எடுத்துக்கொண்டு நம் கடிகாரக்காரரிடம் போனேன். அவர் பித்தளைத் தகட்டை அறுத்துத் தானே இன்ஜின் கட்டுபவர், நான் கடையில் வாங்கி ஓட்டுபவன். ஓட்டல்ல வாங்கின குழம்ப வீட்டுக் கிண்ணத்துல ஊத்திப் பரிமாறுற ஆளு சார் நீங்க, என்று இத்தனை வருடமாக என்னை வாரிக்கொண்டிருப்பவர். என்ன சார், குழம்புக்கு உப்புப் போடக்கூட ஆள் தேவையா, என்பார் என்று எதிர்பார்த்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் உறையை வாங்கும்போது என் கையைப் பார்த்தார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் பொருத்தி, பெட்டியில் இட்டு, கடை வாசல்வரை வந்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். மருத்துவரைப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்த மனிதர் அன்று கிண்டல் செய்யவில்லை என்பதால்தான் போனேன்.

என் எடையளவு அலுவலகத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். கடைத்தராசுகளைச் சோதிப்பவனின் கை தட்டை விட்டு விலகிய பிறகே முள்ளைப் பார்க்க வேண்டும், சோதனை முடியும்வரை கடைக்காரர் எடைக்கல்லைத் தொடவும் கூடாது என்பதை நீ பள்ளிக்கூட நாளிலேயே என் வாயால் கேட்டுக் கேட்டு ஒப்பிப்பாய். இப்போது நான் கல்லை வைத்தால் தட்டு ஆடுகிறது, முள் நிற்க மறுக்கிறது. என்னைக் கண்டாலே பின்கட்டுக்கு ஓடுகிற மளிகைக்காரர் சென்ற மாதம் தாமாக முன்னால் வந்து, குடுங்க சார், நான் வைக்கிறேன், என்றார். கொடுத்தேன். விதிப்படி அந்தச் சோதனை செல்லாது. செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அலுவலகத்துக்குள்ளேயே வேறு வேலை கேட்டு விண்ணப்பித்தேன், முத்திரையிடும் மேசையைத் தந்திருக்கிறார்கள். முத்திரையும் கோணலாகத்தான் விழுகிறது.

இனி அந்த வீடியோ. அனுப்பக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன், அனுப்பிவிட்டாள். பாப்பா எத்தனை தடவதான் கேப்பா, ஓட்டித்தான் பாருங்களேன், என்று ஒரே பிடிவாதமாக நின்று, பொம்மைக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சறுக்குப்பலகை வாங்கி வந்தாள். அதன்மேல் வைத்துத் தள்ளினால் சக்கரங்கள் தாமாகத் தண்டவாளத்தில் அமர்ந்துகொள்ளும். சின்ன வயதில் நீ அதைக் கேட்டபோது, சக்கரம் உட்காருவதைக் கைதான் உணர வேண்டும் என்று மறுத்தேன், இப்போது எனக்கே அது. இன்ஜின் ஏறிக்கொண்டது. வேகம் கூட்டும் திருகைத் தொட்டேன். கை நடுங்கியது, நடுக்கம் திருகுக்குப் போய், திருகிலிருந்து கம்பி வழியே தண்டவாளத்துக்குப் போய், இன்ஜினும் நடுங்கியது. ஓர் அங்குலம் பாய்கிறது, நிற்கிறது, மறுபடி பாய்கிறது. டிரைவருக்குக் குளிர்ஜுரம் போலிருக்கே, என்றாள் அம்மா. நாங்கள் சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும், அது மெய்யான சிரிப்புத்தான். அடுத்து நீ பார்த்தது வெறும் கூரையும் மின்விசிறியும். நடந்தது என்னவென்றால், வளைவில் என் கை திருகை முழுக்கத் திருப்பிவிட, இன்ஜின் தடம்புரண்டு மேசை விளிம்பைத் தாண்டிற்று, அம்மா கைப்பேசியைப் போட்டுவிட்டு அதை மடியில் ஏந்திக்கொண்டாள். ஒரு படி மட்டும் வளைந்தது. போன் போனா போகுது, இது பாப்பா வாங்கி அனுப்பினது, என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

இந்தப் பத்தி முதல் அம்மாவின் கையெழுத்து. என் எழுத்து எனக்கே புரியாத அளவுக்குப் போய்விட்டது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. இப்படி நீட்டி முழக்கினா படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவளே ரிட்டயர் ஆயிடுவா, என்கிறாள், அதையும் எழுது என்றேன். உனக்கு ஐந்து வயதில், நீராவி ரயில் வண்டிகளை நிறுத்திய நாளன்று உன்னை இன்ஜின் ஷெட்டின் வெளிமுற்றத்துக்குத் தோளில் வைத்துத் தூக்கிப்போனது நினைவிருக்கிறதா. இன்ஜினின் கூவலைக் கேட்டு என் காதைப் பொத்தினாய், உன் காதை விட்டுவிட்டு. இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, இதுக்கு ஜுரமாப்பா, என்றாய். நெருப்பையெல்லாம் குழியில் தட்டிக் கொட்டிய பிறகும் அது மெல்ல நகர்ந்ததைப் பார்த்து, நெருப்பு இல்லாம எப்படிப் போகுது, என்று கேட்டாய். நான் விளக்கத் தொடங்குவதற்குள் டிரைவர் முந்திக்கொண்டு, உள்ள மிச்சம் இருக்கிற ஆவியில போகுது பாப்பா, என்றார். எவ்ளோ தூரம் போகும், என்றாய். ஷெட் வரைக்கும் போகும், அதுக்கு மேல அதுக்கு என்ன வேலை, என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் நீ அழுதுகொண்டே வந்தாய்.

நீ இங்கு வந்து செய்யக்கூடியது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். என் சட்டைக்குப் பொத்தான் போடலாம், மாத்திரை அட்டையைக் கிழித்துத் தரலாம். இரண்டையும் அம்மா செய்கிறாள். நீ பக்கத்தில் இருந்தாலும் என் உடம்பு கெடும், இல்லாவிட்டாலும் கெடும். உன் பிழைப்பையும் இதில் கொண்டுவந்து போட்டால் கெட்டவை இரண்டாகுமே தவிர ஒன்றுகூடக் குறையாது. ஷெட் வரைக்கும் போக எனக்கு ஆவி இருக்கிறது.

மறுபடியும் என் கையெழுத்து, பொறுத்துப் படி. அடுத்த சொல்லைச் சொன்னதும் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். நீங்க சொன்னதெல்லாம் எழுதினேன், இத மட்டும் எழுத மாட்டேன், வேணும்னா நீங்களே எழுதிக்கோங்க, என்றாள். சொல்லிவிட்டு எழுந்தும் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே அதை நானே எழுதுகிறேன்.

வராதே.

அந்தத் தாளில் மாத முடிவுக்குள் தவறாமல் கையெழுத்திட்டுவிடு. அடுத்த பிறந்தநாளுக்கு இன்ஜின் எதுவும் அனுப்ப வேண்டாம். கறுப்பு இன்ஜின் வளைந்த படியோடு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொண்டு படு. எடுத்த காரியம் யாவும் கைகூடி, உடல்நலத்தோடும் நல்ல பெயரோடும் நீடூழி வாழ்வாயாக. கீழே உள்ளதைப் போன்ற கையொப்பம் பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் சென்ற வாரம் என் காசோலையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரி. நீ ஏற்றுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா